ஸ்ரீரங்கத்தில் பெயிண்டட் லேடி: எங்கே தேடுவது, எப்படி உறுதி செய்வது?

ஸ்ரீரங்கம் தீவில் பெயிண்டட் லேடி வண்ணத்துப்பூச்சியை எங்கே தேடலாம், பார்த்தால் அதுதான் என்று எப்படி உறுதி செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். இது கண்டம் தாண்டி வலசை போகிற பூச்சி. 2013-ல் அட்லாண்டிக்கையே கடந்து பிரெஞ்சு கயானாவில் இறங்கியிருக்கிறது. இன்ன தேதியில் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தேடும் இடத்தைக் குறுக்கலாம்.

மேலூர் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தொடங்க வேண்டாம். அங்கே உள்ளூர்ப் பூச்சிக் கூட்டத்தில் கண் குழம்பும். மழை ஓய்ந்தபின் கொள்ளிடக் கரைக்குப் போங்கள். நிழலில்லாத மண்பாதை, ஓரத்தில் வெட்டுக்காயப் பூண்டு பூத்திருந்தால் நல்லது. பிற்பகலில் ஆண் பூச்சி வெறுந்தரையில் இறக்கையை விரித்து உட்கார்ந்து, வருகிற பூச்சியை எல்லாம் விரட்டும். கிலுகிலுப்பைச் செடியருகே காத்திருப்பது வரியன் வகை வண்ணத்துப்பூச்சிகளுக்குத்தான் பலிக்கும். மணல்திட்டில் இறங்குமுன் முக்கொம்பு அணையில் தண்ணீர் திறந்திருக்கிறார்களா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஏமாற்றுவது பெரும்பாலும் வெந்தய வரியன். அதுவும் ஆரஞ்சு நிறம், முன்னிறக்கை நுனி கறுப்பு, அதில் வெள்ளை. எருக்கஞ்செடியைச் சுற்றி மெதுவாக மிதந்தால் அது வெந்தய வரியன்தான். அதன் தலையும் மார்பும் கறுப்பு, மேலே வெள்ளைப் புள்ளிகள். பின்னிறக்கை நடுவில் மூன்று நான்கு கறும்புள்ளி மட்டும். அதையே போலி செய்யும் டனாய்ட் எக்ஃப்ளை பெண்ணுக்குப் பின்னிறக்கையின் மேல் விளிம்பருகே ஒரே புள்ளி. வயல் வரப்பில் பார்க்கும் பீகாக் பான்சிக்குப் பின்னிறக்கையின் மேல்புறத்திலேயே பெரிய கண் இருக்கும். பெயிண்டட் லேடிக்கு உடம்பு பழுப்பு ரோமம், பறத்தல் வேகம், தாழ்வு. பின்னிறக்கை ஓரத்தை ஒட்டி வட்டக் கறும்புள்ளிகள் வரிசையாக ஓடும்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். நெடுந்தூரம் வந்தது வெளுத்து, விளிம்பு கிழிந்திருக்கும். தீர்ப்புச் சொல்வது அடிப்புறம்: பின்னிறக்கை பழுப்பும் வெள்ளையும் பளிங்குபோல் கலந்து, நான்கைந்து சிறு கண்புள்ளிகளோடு இருக்கும், முன்னிறக்கையில் இளஞ்சிவப்புச் சாயல்.

இந்த அடிப்புறப் படத்தைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். விரித்த இறக்கையைக் கண்டதும் நெருங்குகிறார்கள், நிழல் விழுந்ததும் அது எழுந்துவிடும். நான்கைந்து மீட்டரில் முதல் படம். பிறகு சூரியன் உங்கள் முதுகுக்கு நேரே வராதபடி, பக்கவாட்டில் குனிந்து நகருங்கள். ஷட்டர் வேகம் 1/1000 நொடிக்குக் குறைய வேண்டாம். பறந்தால் துரத்தாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். பெரும்பாலும் அதே இடத்துக்குத் திரும்பும். பூவில் தேன் குடிக்கும்போது இறக்கையை மூடுவது உண்டு, அப்போது அழுத்துங்கள்.