எல்இடி எரிகிறது, சத்தம் இல்லை: போர்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: நானே அசெம்பிள் செய்த ஆம்ப்ளிஃபயர். டிடிஏ 2030 ஐசி இரண்டு, 12-0-12 மூன்று ஆம்பியர் ட்ரான்ஸ்ஃபார்மர். இரண்டு ஸ்பீக்கரிலும் ஹம் (‘ம்ம்’ என்ற இரைச்சல்) வந்தது. கடைக்காரர் சொன்னபடி இரண்டு ஐசியையும், 4700 மைக்ரோஃபாரட் கன்டென்சர் இரண்டையும் மாற்றினேன். ஆன் செய்ததும் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒரு நொடி உர்ரென்றது, அப்புறம் அடங்கிவிட்டது. எல்இடி எரிகிறது, ஆனால் துளி சத்தம் இல்லை. போர்டையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றிவிடட்டுமா? (திண்டுக்கல் வாசகர்)

பதில்: வேண்டாம். சோதித்துப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள், புதிதாக எதுவும் வாங்காதீர்கள். உங்கள் கடிதத்தில் அந்த ‘ஒரு நொடி உர்’ மட்டும் எனக்குப் போதும். மைனஸ் லைன் ஷார்ட் ஆகி, அதன் ஃப்யூஸ் போயிருக்கிறது என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் போர்டில் இரண்டு சப்ளை உண்டு, ஒன்று பிளஸ், ஒன்று மைனஸ். இரண்டும் இருந்தால்தான் ஐசி வேலை செய்யும். எல்இடியைப் பெரும்பாலும் பிளஸ் பக்கத்திலிருந்துதான் எடுத்திருப்பார்கள். மைனஸ் செத்துப்போனாலும் அது பளிச்சென்று எரியும். அதை நம்பி ‘சப்ளை சரி’ என்று முடிவுகட்டித்தான் பலர் நல்ல ஐசிகளைப் பிடுங்கிப் போடுகிறார்கள்.

ஷார்ட் எப்படி வந்திருக்கும்? பழைய ஐசியைக் கழற்றியபோது அதன் முதுகில் வெள்ளைப் பசையோடு கண்ணாடித்தாள் மாதிரி ஒரு சின்னத் துண்டு ஒட்டியிருந்ததா? அதுதான் மைக்கா, மின்சாரம் கடக்காமல் தடுப்பது. ஸ்க்ரூவில் ஒரு பிளாஸ்டிக் புஷ்ஷும் இருந்திருக்கும். இரண்டையும் பழைய ஐசியோடு குப்பையில் போட்டுவிட்டு, புதியதை நேராக ஹீட்சிங்கில் (சூட்டை வாங்கும் உலோகத் தகட்டில்) முடுக்கியிருப்பீர்கள். டிடிஏ 2030-இன் உலோக முதுகு உள்ளே மூன்றாவது காலோடு, அதாவது மைனஸோடு சேர்ந்தது. ஹீட்சிங்க் இரும்புப் பெட்டியைத் தொட்டு, பெட்டி கிரவுண்டில் இருந்தால் மைனஸ் நேராகக் கிரவுண்டுக்குப் போய்விடும். விற்கிறவர் ஐசியோடு ஒரு மைக்காவை வைத்துக் கொடுத்தால் என்ன? யாரும் கொடுப்பதில்லை, சொல்வதும் இல்லை.

பிளக்கைப் பிடுங்குங்கள், ஸ்பீக்கர்களைக் கழற்றுங்கள், கன்டென்சர் வடியட்டும். மல்டிமீட்டரைப் பீப் அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையை ஐசியின் உலோக முதுகிலும் மறுமுனையைப் பெட்டியில் பெயின்ட் சுரண்டிய இடத்திலும் வையுங்கள். பீப் தொடர்ந்து அடித்தால் மைக்காவும் புஷ்ஷும் புதிதாகப் போட்டு, மறுபடி சோதித்துவிட்டு, அப்புறம் ஃப்யூஸ் போடுங்கள். அதே அளவு ஃப்யூஸ். கம்பியைச் சுற்றிவைக்கிற வேலை கூடவே கூடாது.

முதல் தடவை ஆன் செய்யும்போது 230 வோல்ட் லைனில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரிஸில் போடுங்கள். எல்இடி பல்பு இதற்கு உதவாது. பல்பு ஒருமுறை மின்னி மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றால் இன்னும் ஷார்ட் இருக்கிறது. பல்பு மங்கினால் அதை எடுத்துவிட்டு, கிரவுண்டை வைத்து வோல்டேஜ் அளங்கள். கன்டென்சரில் மட்டும் அளந்துவிட்டு நிறுத்தாதீர்கள், ஐசியின் காலிலேயே அளக்க வேண்டும். ஐந்தாவது காலில் பிளஸ் 16 அல்லது 17, மூன்றாவதில் மைனஸ் அதே அளவு, நான்காவதில் பூஜ்யத்தை ஒட்டி. கன்டென்சரில் வோல்டேஜ் வந்து, காலில் வரவில்லையென்றால் நடுவில் ஃப்யூஸ் போயிருக்கும், அல்லது கன்டென்சரைப் பிடுங்கியபோது அடியில் செம்புத் தடம் உரிந்திருக்கும். பழுப்பு நிற மலிவு போர்டில் இது சர்வ சாதாரணம். ஒரு துண்டு ஒயர் வைத்துப் பற்றவைத்தால் முடிந்தது. போர்டு மாற்ற வேண்டியதில்லை.

ஒன்றை மட்டும் விளக்கிச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் குழப்பம். சிலரிடம் இருப்பது சிங்கிள் சப்ளை போர்டு. அதில் மைனஸ் கிடையாது, மூன்றாவது கால் கிரவுண்டிலேயே இருக்கும். மைக்கா இல்லாவிட்டாலும் அங்கே ஒன்றும் ஆகாது. நான்காவது காலில் சப்ளையில் பாதி வரும், 24 வோல்ட் கொடுத்தால் 12. அது கோளாறு அல்ல, அப்படித்தான் வர வேண்டும். ஸ்பீக்கருக்குப் போகும் வழியில் பெரிய கன்டென்சர் ஒன்று அதைத் தடுத்துக்கொள்ளும். ‘அவர் போர்டில் 12 வருகிறது, என்னுடையதில் பூஜ்யம்தான்’ என்று நல்ல போர்டைக் குறை சொன்னவர்கள் உண்டு. உங்களுடையது 12-0-12, நடு ஒயர் கிரவுண்டில். உங்களுக்குப் பூஜ்யம்தான் சரி. அங்கே 16 வந்தால் ஸ்பீக்கரை மாட்டவே மாட்டாதீர்கள், அதன் உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி ஹம் என்றால் முதலில் சந்தேகப்பட வேண்டியது பொதுவான ஃபில்டர் கன்டென்சரை, அதாவது அந்த 4700-ஐத்தான். ஐசி இரண்டும் அநேகமாக நன்றாகவே இருந்திருக்கும். அதையும் சேர்த்து விற்றுவிட்டார்கள், இப்போது போர்டையும் விற்கப் பார்க்கிறார்கள். பழைய ஐசிகள் கையில் இருந்தால் பத்திரமாக வையுங்கள். புதியதன் கால்களில் பழைய ஈயம் ஒட்டியிருக்கிறதா, தின்னர் தொட்ட பஞ்சில் எழுத்து அழிகிறதா என்று பாருங்கள். கழற்றிய சரக்கைப் புதிதாக எழுதி விற்பது இந்தத் தொழிலில் நடக்கிறது. எண்ணின் கடைசியில் ‘ஏ’ இருக்கிறதா என்றும் பாருங்கள். வெறும் 2030 தாங்குவது பிளஸ் மைனஸ் 18 வோல்ட்தான், 2030ஏ 22 வரை தாங்கும். வீட்டுக் கரண்ட் 250 வோல்ட்டுக்கு ஏறினால் உங்கள் சப்ளை 18-ஐத் தொட்டுவிடும்.

போலி என்று தெரிந்தால் பில்லோடு போய்த் திருப்பிக் கேளுங்கள். ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று முத்திரை குத்தியிருந்தாலும் பரவாயில்லை. பழுதான பொருளைத் திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலக்கெடு இல்லையென்றால் 30 நாள் அவகாசம் உண்டு. பில் தராததும் அதே குற்றம்தான். சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் கேட்டு வாங்கினால்தான் பில் என்ற நிலைமை மாறவில்லை. மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்யுங்கள்.

எல்லா வோல்டேஜும் சரியாக இருந்தால் பழைய ரேடியோ ஸ்பீக்கர் ஒன்றை மாட்டி, ஸ்க்ரூடிரைவரின் உலோகத்தைப் பிடித்தபடி ஐசியின் முதல் காலைத் தொடுங்கள். ‘ம்ம்’ என்று வந்தால் ஐசி உயிரோடு இருக்கிறது, கோளாறு ஐசிக்கு முன்னால், வால்யூம் கன்ட்ரோலிலோ அதற்கு வரும் ஒயரிலோ இருக்கும். உங்கள் வூஃபரை அதற்கப்புறம் மாட்டிக்கொள்ளலாம்.