கேளுங்க சொல்றோம்: தண்ணிக்கு பாஸ்போர்ட் ஏது?

கேள்வி: அண்ணே, நம்ம மலேசியா பக்கம் கிளந்தான் மாநிலத்துல வெள்ளம் வந்தா நம்ம ஆளுங்க பாத்துக்கிறாங்க, தாய்லாந்துல வந்தா அவங்க பாத்துக்கட்டும், இதுல ரெண்டு நாடும் உக்காந்து பேச என்ன இருக்கு?
- வாசகி, பட்டர்வொர்த்

பதில்: இருக்கு தங்கச்சி, நிறையவே இருக்கு. கோலோக் ஆறுதான் அங்க எல்லையே, இந்தக் கரைல நம்ம ரந்தாவ் பாஞ்சாங், அந்தக் கரைல அவங்க சுங்கை கோலோக் டவுன், வருஷக் கடைசில வடகிழக்கு பருவமழை பிடிச்சா ரெண்டு ஊரும் ஒண்ணாத்தான் முழுகும். இதுல நாம மட்டும் கரையை ஒசத்தினா தண்ணி எங்க போகும், எதிர்க்கரை வீட்டுக்குள்ளதான், அவங்க ஒசத்தினா நம்ம வீட்டுக்குள்ள. அப்புறம் பேசாம எப்படி?

ஆசியான்ல, அதாவது தென்கிழக்கு ஆசிய நாடுகள் கூட்டமைப்புல, இதுக்குன்னே பேரிடர் ஒப்பந்தம் இருக்கு, 2005ல கையெழுத்து போட்டு 2009லதான் அமலுக்கு வந்துச்சு (நாலு வருஷம், நம்ம கல்யாண மண்டப புக்கிங்கே தேவல). 2011ல ஜகார்த்தால, பேரிடர் உதவியை ஒருங்கிணைக்க ஆஹா சென்டர்னு ஒரு மையம் ஆரம்பிச்சாங்க. அவங்க கூடாரம், சமையல் சாமான் எல்லாம் வெச்சிருக்கிற முக்கிய கிடங்கு எங்கன்னு நினைக்கிறீங்க? இங்க கோலாலம்பூர் பக்கத்துல, சுபாங்ல! ஆனா ஒண்ணு, பாதிக்கப்பட்ட நாடு சரின்னு சொல்லாம யாரும் உள்ள போக முடியாது, அந்த 'சரி' லேட்டானா சாமான் கிடங்குலயே கிடக்கும். எனக்கு அதுதான் கடுப்பு, 2021 டிசம்பர்ல ஷா ஆலம்ல எங்க அக்கா வீட்டு பிரிட்ஜ் மிதந்தப்ப ஒரு ராத்திரி எவ்ளோ நீளம்னு பாத்தவன் நான்.