குடும்பக் கஷ்டத்தை விண்ணப்பக் கட்டுரையில் எழுதலாமா?

கல்லூரி விண்ணப்பக் கட்டுரையில் அப்பாவின் வேலை போனது, அம்மாவின் நோய், மதிப்பெண் சரிந்தது என்று குடும்பக் கஷ்டத்தை எழுதிவிட்டு, இது இரக்கம் தேடுவதுபோல் தோன்றுகிறதே என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எழுதுங்கள். அப்பாவின் வேலை போனதையும் இரண்டு மொழிகளுக்கு நடுவே வளர்ந்ததையும் சொல்வதாலேயே அது இரக்கம் தேடுவதாகிவிடாது.

உங்களுக்கே அப்படித் தோன்றக் காரணம், நான்கு பத்தி கஷ்டத்துக்குப் பிறகு ஒரே வரியில் 'அதனால் மருத்துவம் படிக்க வேண்டும்' என்று தாவியிருப்பதுதான். நடுவில் நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே இல்லை. ஆனால் கேள்வியின் கடைசியில் போகிறபோக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள்: பன்னிரண்டு வயதில் மருத்துவர் சொன்னதை அம்மாவுக்குப் பாதி மொழிபெயர்த்து, பயந்துவிடுவார் என்று மீதியை விழுங்கிவிட்டதாக. அதுதான் உங்கள் கட்டுரை! அந்த அறையில் எந்தச் சொல்லுக்குத் தடுமாறினீர்கள், பிறகு அதை எங்கே தேடிப் படித்தீர்கள் என்று அங்கிருந்தே தொடங்குங்கள்.

சரி, ஒரு சோதனை. உங்களுக்கு நடந்ததை ஒரு நிறத்திலும் நீங்கள் செய்ததை வேறு நிறத்திலும் கோடிடுங்கள். முதல் நிறம் அதிகமென்றால் அதைக் குறையுங்கள், காமன் ஆப் (பல அமெரிக்கக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பம்) கட்டுரைக்கு 650 சொற்கள்தான் உச்சவரம்பு. மதிப்பெண் சரிந்த காரணத்தை அதே விண்ணப்பத்தின் கூடுதல் தகவல் பகுதியில் தனியாகச் சொல்லலாம்.

அப்புறம், அம்மாவின் நோய் அவருடைய விஷயமும்கூட. அனுப்பும் முன் அவர் மொழியில் படித்துக் காட்டிச் சம்மதம் கேளுங்கள், இந்த முறை எதையும் விழுங்காமல்.