பத்து நாள் பயணத்துக்கு 65 லிட்டர் பை தேவையா?

கேள்வி: பத்து நாள், நான்கைந்து ஊர், பேருந்தும் ரயிலுமாகச் சுற்றப் போகிறேன். தங்குவது விடுதிகளில். அடுக்கிப் பார்த்தால் 14 கிலோ வருகிறது, 45 லிட்டர் பை மூடவில்லை, தோளும் கடுக்கிறது. கடையில் 65 லிட்டர் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். இருக்கிற பையே தாராளம். 65 லிட்டர் என்பது கூடாரம், தூங்கும் பை, அடுப்பு எல்லாம் சுமந்து காட்டில் தங்குகிறவர்களுக்கானது. வெறும் பையே பெரும்பாலும் 2 கிலோவை நெருங்கும். அதில் இடம் இருந்தால் கை சும்மா இருக்காது, எதையாவது திணித்துக்கொண்டேதான் இருப்போம்.

பையோடு சேர்த்து வேறு சிலவற்றையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பார்கள், கவனம். காற்றை உறிஞ்சும் உறை துணியின் பருமனைத்தான் குறைக்கும், எடையில் ஒரு கிராம்கூடக் குறையாது, பை மூடிவிடும் ஆனால் தோளில் அதே 14 கிலோதான். மழை உறையும் அப்படித்தான், முதுகுப் பக்கம் திறந்தே இருப்பதால் அடைமழையில் தண்ணீர் அந்த வழியாக இறங்கிவிடும். பைக்குள் ஒரு தடித்த பிளாஸ்டிக் பையை விரித்து, துணியை அதற்குள் வைத்து வாயை முறுக்கி மடித்துவிடுங்கள், போதும்.

எடை ஏறுவது துணியால்தான். பத்து நாளுக்குப் பத்து செட் எதற்கு? போட்டிருப்பது போக இரண்டு செட் போதும். ஜீன்ஸை வீட்டிலேயே வைத்துவிடுங்கள், கனமும் அதிகம், நனைந்தால் லேசில் காயாது. மெல்லிய பாலியஸ்டர் எடுங்கள். இரவு துவைத்துப் பிழிந்த சட்டையை உலர்ந்த துண்டின்மேல் விரித்து, இரண்டையும் சேர்த்துப் பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி, ஒரு முனையை மிதித்துக்கொண்டு மறுமுனையை முறுக்கினால் பாதி ஈரத்தைத் துண்டு குடித்துவிடும். காற்றாடும் இடத்தில் தொங்கவிட்டால் பெரும்பாலும் காலையில் போட்டுக்கொள்ளலாம்.

மருந்தில் மட்டும் கஞ்சத்தனம் காட்டாதீர்கள். எடையைக் குறைக்கிறேன் என்று மாத்திரைகளை அட்டையிலிருந்து பிய்த்து ஒரே டப்பாவில் கொட்டிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர், எனக்கு இதைப் பார்த்தாலே பதறும். அட்டையில்தான் பெயரும் காலாவதித் தேதியும் இருக்கின்றன. அட்டையோடு, மருத்துவர் சீட்டோடு, இரண்டு மூன்று நாளுக்குக் கூடுதலாகவே எடுங்கள். வெளிநாடு என்றால் மருந்தின் வணிகப் பெயர் மாறிவிடும், அதனால் உள்ளிருக்கும் மருந்துப் பொருளின் பெயரான மூலப்பெயரையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இவை பேருந்தின் அடியில் போகும் பையில் இருக்கவே கூடாது, கைப்பையில் இருக்கட்டும். இன்சுலினை விமானத்தின் சரக்கு அறைக்கு அனுப்பாதீர்கள், உறைந்து வீணாகலாம்.

விமானம் என்றதும் இன்னொன்று. பல நிறுவனங்கள் கைச்சுமைக்கு 7 கிலோதான் தருகின்றன. சில இடத்தில் கைப்பையும் அதில் சேர்த்தி, சில இடத்தில் தனி. இத்தனை வருடத்தில் இதற்கு ஒரு பொது அளவு வைக்க இவர்களுக்கு முடியவில்லை, அவதிப்படுவது பயணிதான்! மலிவு டிக்கெட் என்று காட்டும் இடைத்தரகு தளங்கள் பலவற்றில் சுமைக் கட்டணம் கடைசிப் பக்கத்தில்தான் முளைக்கும், அதனால் பணம் கட்டும் முன் விமான நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் விதியைப் படித்துவிடுங்கள். பவர் பேங்க் கைச்சுமையில் மட்டும்தான் போக வேண்டும். பேட்டரி தாங்கும் ஆற்றலை வாட்-மணியில் அளப்பார்கள், 100 வாட்-மணிவரை பொதுவாக அனுமதி உண்டு, வழக்கமான 20,000 எம்ஏஎச் சுமார் 74 வாட்-மணிதான். பவர் பேங்கின் மேல் அச்சிட்டிருக்கும் இந்த அளவு அழிந்திருந்தால் பிடுங்கி வைத்துவிடலாம்.

சரி, தோள் கடுப்புக்கு வருவோம். இடுப்புப் பட்டையை இடுப்பெலும்பின் மேல் முதலில் இறுக்குங்கள், அப்புறம்தான் தோள் பட்டை. கனமான பொருள் முதுகை ஒட்டி, நடுவில். எடை 8 கிலோவுக்கு இறங்கிய பிறகும் கடுத்தால், பெரும்பாலும் பை உங்கள் முதுகு நீளத்துக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். குனிந்தால் பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல் விளிம்பு மட்டம்வரை டேப் வைத்து அளந்துகொண்டு போய், அந்த நீளத்துக்கு ஏற்ற பையாகக் கேட்டு மாற்றுங்கள். லிட்டர் அதே 45 இருக்கட்டும்.