வழிகாட்டி மதிப்பில் கணக்கு முடிக்கச் சொல்கிறார் அண்ணன்

கேள்வி: எங்களுடையது இந்துக் குடும்பம். அப்பா தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீடு இருக்கிறது. அவர் உயில் எழுதாமல் 2019-ல் காலமானார். அம்மா அதற்கு முன்பே போய்விட்டார். இரண்டு அண்ணன்களும் நானும்தான் வாரிசுகள். அந்த வீட்டில் குடியிருக்கும் பெரிய அண்ணன், வழிகாட்டி மதிப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தருகிறேன், விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடு என்கிறார். ஆண் பிள்ளை குடியிருக்கும் வீட்டில் பெண் பாகம் கேட்க முடியாது என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?

பதில்: இப்போது கையெழுத்துப் போடாதீர்கள். பத்திரம் பதிவான பிறகு, விலை குறைவு என்று சொல்லி அதை ரத்து செய்வது மிகவும் கடினம்.

உறவினர்கள் சொல்வது பழைய கதை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 23-ம் பிரிவு அப்படி ஒரு தடை வைத்திருந்தது. 2005 திருத்தத்தில் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டார்கள். உங்கள் பங்கு அண்ணன்களின் பங்குக்குச் சமம், இன்றே கேட்கலாம்.

சரி, விலைக்கு வருவோம். வழிகாட்டி மதிப்பு என்பது முத்திரைத் தீர்வைக்காகப் பதிவுத் துறை வைத்திருக்கும் கணக்கு. உடன்பிறந்தவர்கள் அந்த விலைக்குத்தான் பங்கைக் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. நீங்கள் கேட்க வேண்டியது சந்தை மதிப்பு. மூவரும் சேர்ந்து பதிவுபெற்ற மதிப்பீட்டாளர் ஒருவரை அமர்த்துங்கள். மனைக்குத் தனியாகவும், தேய்மானம் கழித்துக் கட்டடத்துக்குத் தனியாகவும் மதிப்புப் போடச் சொல்லுங்கள். பழைய வீடுதானே என்று பேரம் பேசுவார்கள். தேய்மானம் கட்டடத்துக்கு மட்டும்தான். அண்ணன் தன் கைக்காசில் பெரிய மராமத்து செய்திருந்தால், ரசீதைப் பார்த்து அதைக் கழித்துக்கொள்ள விடுங்கள். அது நியாயம்.

பிரிபடாத பாகத்தை வெளியாளுக்கு விற்கலாமே என்று தோன்றலாம். சக வாரிசுகளுக்குத்தான் முன்னுரிமை என்கிறது அதே சட்டத்தின் 22-ம் பிரிவு. போதாததற்கு, குடும்ப வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள் உள்ளே வந்து சேர்ந்து குடியிருக்க உரிமை கோர முடியாது. அதனால் நல்ல விலை கிடைக்காது.

அண்ணன் இறங்கி வரவில்லை என்றால் பாகப்பிரிவினை வழக்குதான். வீட்டைப் பிரிக்க முடியாத நிலையில், விற்றுப் பணமாகப் பிரிக்க 1893-ம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டம் வழி தருகிறது. ஆனால் அப்படிக் கேட்பவர்களிடம் பாதிப் பங்காவது இருக்க வேண்டும். உங்களிடம் இருப்பது மூன்றில் ஒன்று. சின்ன அண்ணன் சேர்ந்தால் மூன்றில் இரண்டு. அப்போதும் வீடு தனக்கே வேண்டும் என்று பெரிய அண்ணன் கேட்டால், நீதிமன்றம் மதிப்பிடும் விலையைக் கொடுத்துத்தான் உங்கள் பங்குகளை வாங்க முடியும். ஆகவே முதலில் சின்ன அண்ணனிடம் பேசுங்கள்.

பேசி விலை படிந்துவிட்டால், முழுத் தொகையையும் வங்கி வழியாகவே வாங்குங்கள். அந்தத் தொகையைப் பத்திரத்திலும் எழுதச் சொல்லுங்கள்.