கடைசியில் வருபவரின் வேகம்

அன்புள்ள அக்காவுக்கு,

பெண்கள் மட்டும் சேர்ந்து போகும் 200 கிலோமீட்டர் சைக்கிள் பயணத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். இது பிரெவே, அதாவது குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நீண்ட தூர சைக்கிள் பயணம். அதன் விதிப்படி பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இன்னும் ஒரு மாதம்தான் இருக்கிறது. ஒரே நாளில் நான் ஓட்டிய அதிகபட்ச தூரம் 110 கிலோமீட்டர், அதுவும் தனியாக. வரும் மற்ற எல்லோருமே என்னைவிட வேகமானவர்கள். என்னால் அவர்கள் தாமதமாகிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. 70 கிலோமீட்டர் தாண்டினால் சீட்டில் உட்கார முடியாத வலி வேறு. இதை யாரிடம் கேட்பதென்றே தெரியவில்லை. “லேடீஸ் ரைடுதானே, லேசாகத்தான் இருக்கும்” என்கிறார் உடன் வேலை பார்ப்பவர். விலகிவிடலாமா?

அன்புடன்,
ம.

அன்புள்ள ம.,

விலகாதீர்கள்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஓடும்போது மணிக்கு 20 கிலோமீட்டர் என்றால் 200-ஐ முடிக்கப் பத்து மணி நேரம். நிற்பதற்கு மூன்றரை மணி நேரம் மிச்சம். இந்த வேகம் உங்களுக்கு முடியும் என்றால் நேரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். பெரும்பாலும் நேரம் போவது மிதிப்பதில் இல்லை, நிற்குமிடங்களில்தான். ஐந்து நிமிடம் என்று இறங்கி அரை மணி நேரம் கழித்துக் கிளம்புவார்கள், அதில் வேகமானவர்களும் உண்டு.

அப்புறம், வரிசையில் உங்கள் இடம். மெதுவாகப் போகிறவர்கள் “நீங்க முன்னாடி போங்க” என்று தாங்களாகவே கடைசிக்கு நகர்ந்துவிடுவார்கள். மரியாதைக்காகச் செய்வதுதான், ஆனால் அதுதான் அவர்களைக் களைக்க வைக்கிறது. முன்னால் ஒருவர் லேசாக வேகம் குறைத்து மறுபடி எடுத்தால், அந்த இழுப்பு பின்னால் போகப் போகப் பெரிதாகும். வால் பகுதியில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் எட்டிப் பிடிக்க வேண்டியிருக்கும். இரண்டாவது அல்லது மூன்றாவது இடத்தைக் கேட்டு வாங்குங்கள். முன்னால் போகிறவர் காற்றைத் தாங்கிக்கொள்வார், எதிர்காற்று நாளில் அது எவ்வளவு பெரிய உதவி என்று அன்றே தெரிந்துவிடும். உங்கள் முன் சக்கரம் மட்டும் அவருடைய பின் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் போய்விடக் கூடாது. இரண்டும் உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான். நீங்கள் தனியாகவே ஓட்டிப் பழகியவர் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

ஏற்றத்தில் யாரும் யாருக்காகவும் வேகத்தை மாற்ற வேண்டாம். அவரவர் கியர், அவரவர் மூச்சு. மேலே போய்ச் சேர்ந்து கூடிக்கொள்ளலாம். ஆனால் அங்கே ஒன்று நடக்கும், பல குழுக்களில் பார்த்திருக்கிறேன். முதலில் ஏறியவர்கள் பத்து நிமிடம் ஓய்வெடுத்திருப்பார்கள். கடைசிப் பெண் மூச்சு வாங்க வந்து ஒரு காலை ஊன்றியதும் “எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்” என்று பெடலில் கால் வைப்பார்கள். அதிக ஓய்வு தேவைப்படுகிறவருக்கு ஓய்வே கிடைக்காது. இரண்டு மூன்று ஏற்றம் இப்படிப் போனால் யாராக இருந்தாலும் சோர்ந்துவிடுவார். பிறகு அவரையே ‘ஸ்லோ’ என்பார்கள். இது குழு செய்கிற தவறு. “எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அது உங்களுக்குச் சேர வேண்டிய நேரம்.

சீட் வலிக்கு வருகிறேன். எங்கே வலிக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, எழுதக் கூச்சமாக இருந்திருக்கும். பின்னால், உட்காரும் எலும்புகளில் மட்டும் வலித்தால் பழகப் பழகக் குறையும். முன்பக்கம் மென்மையான இடத்தில் வலியோ மரத்துப்போவதோ இருந்தால் அதைப் பொறுத்துக்கொள்ளவே கூடாது. சீட் உங்கள் அகலத்துக்குக் குறுகலாக இருக்கலாம், சீட்டின் மூக்கு, அதாவது முன்முனை, மேல்நோக்கி நிமிர்ந்திருக்கலாம், ஹேண்டில்பார் எட்டாத தூரத்தில் இருக்கலாம். மெத்து மெத்தென்ற ஜெல் சீட்டும் நீண்ட தூரத்துக்குத் தீர்வில்லை. எலும்பு அமுங்கி உள்ளே இறங்க, நடுப்பகுதி மேலே வந்து அழுத்தும். நடுவில் பள்ளம் விட்ட சீட்டை முயன்று பாருங்கள். பேடிங் வைத்த ஷார்ட்ஸுக்குள் உள்ளாடை வேண்டாம், அதன் தையல்தான் தோலை உரசிப் புண்ணாக்கும். மாற்றுவதை எல்லாம் இந்த வாரமே மாற்றிவிடுங்கள். இரண்டு வாரம் முன்னதாக 150 கிலோமீட்டர் ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், முடிந்தால் குழுவில் ஒருவரோடு.

பெண்கள் மட்டும் போகும் பயணம் எனக்குப் பிடிப்பதற்குக் காரணமே இந்தப் பேச்சுகளை அங்கே பேச முடிவதுதான். ஒதுங்க இடம் கிடைக்காதே என்று தண்ணீரே குடிக்காமல் ஓட்டுகிற பெண்கள் எத்தனையோ பேர். மாதவிடாய் நாளில் நாப்கின் உரசி ரணமாகியும் சொல்லாமல் ஓட்டியவர்கள் உண்டு. ஒருவர் “எனக்கு நிறுத்தணும்” என்றதும் இன்னும் மூன்று பேர் “எனக்கும்தான்” என்று இறங்குவதை நீங்களே பார்ப்பீர்கள். தாகத்துக்குக் குடியுங்கள், முதல் மணி நேரத்திலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். பசி தெரிந்த பிறகு சாப்பிட்டால் பிந்திவிடும்.

உடன் வேலை பார்ப்பவருக்கும் ஒரு பதில். பெண்கள் ஓட்டினாலும் 200 கிலோமீட்டர் 200 கிலோமீட்டர்தான். 1967-ல் பெரில் பர்ட்டன் இங்கிலாந்தில் நடந்த 12 மணி நேரப் போட்டியில் 277.25 மைல், அதாவது சுமார் 446 கிலோமீட்டர் ஓட்டினார். அன்று அந்தப் போட்டியில் எந்த ஆணும் அவ்வளவு தூரம் ஓட்டவில்லை. ஆண்களில் முன்னணியில் இருந்தவரைத் தாண்டும்போது அவருக்கு ஒரு மிட்டாயை நீட்டிவிட்டுப் போனார். 2019-ல் ஐரோப்பாவைக் குறுக்கே கடக்கும் டிரான்ஸ்கான்டினென்டல் பந்தயத்தில் ஆண்கள் உட்பட எல்லோரையும் முந்தி முதலில் வந்தவர் ஃபியோனா கோல்பிங்கர். சுமார் 4,000 கிலோமீட்டர், பத்து நாட்களுக்குச் சற்றே அதிகம்.

நீங்கள் யாரையும் தாண்ட வேண்டாம். இன்றே ஒருங்கிணைப்பாளருக்கு எழுதி மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: சமதளத்தில் என்ன வேகம், ஏற்றத்துக்குப் பிறகு எங்கே கூடுகிறோம், கடைசியில் வருபவரோடு கூடவே வரப்போவது யார். மூன்றாவது கேள்விக்கு ஒரு பெயர் வரும்வரை விடாதீர்கள்.

அன்புடன்