கேலிப்பர் பெரிதானால் மாஸ்டர் சிலிண்டரும் பெரிதாக வேண்டுமா?

கேள்வி: கும்பகோணத்தில் பழைய பெட்ரோல் அம்பாசடர் ஒன்று வைத்திருக்கிறேன். முன்சக்கரங்களில் 48 மி.மீ. பிஸ்டன் கொண்ட டிஸ்க் கேலிப்பர் (டிஸ்கை இறுகப் பிடிக்கும் பகுதி) இருந்தது. அதை மாற்றி 54 மி.மீ. கேலிப்பர் போட்டேன். இரண்டுமே ஒற்றைப் பிஸ்டன். பின்னால் டிரம்தான். பூஸ்டர் (கால் அழுத்தத்தைப் பெருக்கும் கருவி) இல்லை. மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதிக்கும்போது ஆயிலை அழுத்தி அனுப்பும் பகுதி) 3/4 இன்ச் டேண்டம், அதாவது முன்னுக்கும் பின்னுக்கும் தனித்தனி அறை உள்ளது. இப்போது பெடல் பாதிக்கு மேல் கீழே போகிறது. 1 இன்ச் சிலிண்டர் போட்டால் பெடலும் மேலே வரும், பிரேக்கும் கூடும் என்கிறார் பட்டறைக்காரர். மாற்றலாமா?

பதில்: பெடல் மேலே வரும் என்பது சரி. பிரேக் கூடும் என்பது தவறு. பூஸ்டர் இல்லாத வண்டியில் 1 இன்ச் போட்டால் பிரேக் குறையும், அதுவும் நிறையவே குறையும்.

மாஸ்டர் சிலிண்டரின் குறுக்குப்பரப்பு கூடக் கூட, அதே கால் அழுத்தத்துக்கு ஆயிலில் ஏறும் அழுத்தம் குறையும். உங்கள் அளவுகளை வைத்தே கணக்குப் போடுவோம். காலால் 30 கிலோ கொடுக்கிறீர்கள், பெடல் விகிதம் (நெம்புகோலாகக் கால் விசையைப் பெருக்கும் மடங்கு) 6:1 என்று வைத்துக்கொண்டால் சிலிண்டரைத் தள்ளும் விசை 180 கிலோ. 3/4 இன்ச் சிலிண்டரின் பரப்பு 2.85 சதுர செ.மீ.; அழுத்தம் சதுர செ.மீ.க்கு 63 கிலோ. பழைய 48 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 18.1 சதுர செ.மீ. என்பதால், பேடை (டிஸ்கில் உரசும் கட்டையை) டிஸ்கில் அமுக்கிய விசை சுமார் 1,140 கிலோ. உங்கள் காலுக்குப் பழகிய பிரேக் அதுதான்.

54 மி.மீ. பிஸ்டனின் பரப்பு 22.9. சிலிண்டரை மாற்றாமல் விட்டால் அதே 30 கிலோவுக்கு 1,445 கிலோ கிடைக்கும். 13/16 இன்ச் போட்டால் 1,230. 7/8 போட்டால் 1,060. பட்டறைக்காரர் சொல்லும் 1 இன்ச்சில் வெறும் 810. காசு கொடுத்துப் பெரிய கேலிப்பர் வாங்கி, பழையதை விடக் குறைந்த பிரேக்கில் ஓட்டுவதாக முடியும். 1 இன்ச் பூஸ்டரோடு சேர்ந்து வர வேண்டிய அளவு.

பெடல் இறங்குவதற்கும் இதே பரப்புதான் காரணம். ஒரு கேலிப்பர் பிஸ்டன் 1 மி.மீ. நகர 2.3 சி.சி. ஆயில் வேண்டும். அதற்கு 3/4 சிலிண்டர் 8 மி.மீ. ஓட வேண்டும், 7/8 என்றால் 6 மி.மீ. போதும். பெடலில் இது ஆறு மடங்காகத் தெரியும். அளவை முடிவு செய்ய எளிய வழி, புதிய பிஸ்டன் பரப்பைப் பழையதால் வகுப்பது. 22.9-ஐ 18.1-ஆல் வகுத்தால் 1.265. சிலிண்டர் பரப்பை அத்தனை மடங்காக்கினால் பழைய பெடல் உணர்வு அப்படியே திரும்பும். உங்களுக்கு அது 3.6 சதுர செ.மீ., அதாவது 21.4 மி.மீ. விட்டம். 13/16-க்கும் 7/8-க்கும் நடுவில் விழுகிறது.

நான்கு பிஸ்டன் கேலிப்பர் வாங்கியவர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நான்கையும் கூட்டக்கூடாது, ஒரு பக்கத்து இரண்டை மட்டும் கூட்டுங்கள். நகரும் வகை ஒற்றைப் பிஸ்டன் கேலிப்பர் தன் ஒரு பிஸ்டனாலேயே இரண்டு பேடையும் அமுக்குவதால், ஒப்பீடு அப்படித்தான் சரிவரும். நான்கையும் கூட்டிக் கணக்குப் போட்டுத்தான் பலர் தேவையில்லாமல் 1 இன்ச்சில் போய் நிற்கிறார்கள்.

ஆனால் சிலிண்டர் வாங்கக் கடைக்குப் போகும் முன், பெடல் இறங்குவதற்குக் கேலிப்பர் மட்டும்தான் காரணமா என்று பாருங்கள். முன்பக்கம் 26 சதவீதம் கூடுதல் ஆயில் கேட்பதால் பெடல் கொஞ்சம் இறங்கும். பாதியைத் தாண்டினால் வேறு ஏதோ சேர்ந்திருக்கிறது. பெரும்பாலும் பின் டிரம்தான். டிரம்முக்குள் உரசும் ஷூ தேய்ந்து இடைவெளி விழுந்தால், டேண்டம் சிலிண்டரிலும் அந்த ஓட்டம் முன்பக்க ஓட்டத்தோடு கூடித்தான் பெடலில் வரும். சக்கரத்தைத் தூக்கி, ஷூவை டிரம் பிடிக்கும் வரை இறுக்கி, சக்கரம் லேசாகச் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். பிறகு டிஸ்கில் டயல் கேஜ் (நுண்ணிய ஆட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பாருங்கள். ஆட்டம் 0.1 மி.மீ.க்கு மேல் இருந்தால் ஓடும்போதே டிஸ்க் பிஸ்டனைப் பின்னுக்குத் தள்ளிவிடும். இரண்டு பக்கமும் 0.2 மி.மீ. தள்ளினாலே பெடலில் கிட்டத்தட்ட 20 மி.மீ. போய்விடும். வீல் பேரிங் ஆட்டமும் இதே வேலையைச் செய்யும்.

அடுத்து, ஆயில் லைனில் சிக்கும் ஏர். புது கேலிப்பர் மாட்டும்போது இடம் வலம் மாறிப் போவது சகஜம். அப்படியானால் ஏர் எடுக்கும் நிப்பிள் கீழே வந்துவிடும். எத்தனை லிட்டர் ஆயில் விட்டாலும் மேலே தங்கிய காற்று போகாது. நிப்பிள் மேலே இருக்க வேண்டும். நம் வண்டிகளில் சிலிண்டர் வலப்பக்கம் இருப்பதால் பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது என்ற வரிசையில் ஏர் எடுங்கள். மாஸ்டர் சிலிண்டர் வண்டியின் தளத்துக்கு அடியில், கேலிப்பரை விடத் தாழ்வாக இருந்தால், நிறுத்தி வைத்த வண்டியில் முதல் மிதி கீழே போகும், இரண்டாவது மிதி சரியாக இருக்கும். அதற்கு முன்சக்கர லைனில் 2 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு ஒன்று போதும்.

இதெல்லாம் சரிசெய்த பிறகு பெடல் மேல்பாதியிலேயே நின்றால் 3/4-ஐ அப்படியே விட்டுவிடுங்கள். மாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இன்னும் இறங்கினால் 13/16 என் முதல் தேர்வு. அது கிடைக்காவிட்டால் 7/8. கால் அழுத்தம் பழையதை விட 7 அல்லது 8 சதவீதம் கூடும், பழகிவிடும். பழைய சிலிண்டரையே லேத்தில் குடைந்து பெரிதாக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வாங்கும்போது முன் டிஸ்க், பின் டிரம் வண்டிக்கான டேண்டம் என்று கேட்டு வாங்குங்கள். நான்கும் டிரம் உள்ள வண்டியின் சிலிண்டரில் முன் லைனுக்கும் சுமார் 10 பி.எஸ்.ஐ. தேக்கும் வால்வு இருக்கலாம். டிஸ்கில் அது பேடை உரசவைத்துச் சக்கரத்தைச் சூடாக்கும். பைப் மரையையும் பாருங்கள். 3/8 யு.என்.எஃப். (இன்ச் அளவு மரை) நட்டு, எம்10 (மி.மீ. அளவு மரை) துளைக்குள் தளர்வாகப் போய் உட்காரும், இறுக்கினால் மரை போய்விடும். பெடலிலிருந்து வரும் புஷ் ராடுக்கும் சிலிண்டர் பிஸ்டனுக்கும் இடையே 1 மி.மீ. அளவு இடைவெளி விடுங்கள். இல்லாவிட்டால் ஆயில் திரும்பும் துளை அடைபட்டு, நாலைந்து கிலோமீட்டரில் பிரேக் தானாகப் பிடிக்கும். பிரேக் ஆயில் டாட் 4 தரம் போதும். நம் பக்கத்து ஈரக்காற்றில் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டியானால் உப்புக்காற்றில் இரும்புப் பைப் துருவேறுவதையும் பார்க்க வேண்டும்.

எந்த சிலிண்டர் போட்டாலும் மாறாத ஒன்று உண்டு. பெரிய கேலிப்பரால் முன்பக்கப் பங்கு பின்பக்கத்தோடு ஒப்பிட 26 சதவீதம் கூடிவிட்டது. மாஸ்டர் சிலிண்டர் இரண்டு பக்கத்துக்கும் ஒரே அழுத்தத்தைத்தான் அனுப்பும். அறுவடை நேரத்தில் சாலையில் நெல்லும் வைக்கோலும் உளுந்துச் செடியும் பரப்பியிருக்கும்போது இது தெரியும். முன்சக்கரம் முதலில் பூட்டிக்கொள்ளும், ஸ்டியரிங் திருப்பினாலும் வண்டி நேராகவே போகும். பின் லைனில் அழுத்தம் குறைக்கும் வால்வு இருந்து, அது திருகக்கூடிய வகையாக இருந்தால், கால் சுற்று கால் சுற்றாகத் திறந்து, ஆளில்லாத காய்ந்த சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓங்கி மிதித்துப் பாருங்கள். பின்சக்கரம் முன்னதற்கு முன்பே பூட்டினால் ஒரு கால் சுற்று மூடிவிடுங்கள். வால்வே இல்லையென்றால் முன்னால் சற்றுப் பிடிமானம் குறைந்த பேட் போடுவது நல்லது.